சோடா மெஷின் குளிரவில்லையா? கேஸ் அடிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மாமாவின் கடை வாசலில் ஒரு சோடா மெஷின் நிற்கிறது. காசு போட்டுப் பட்டனை அமுக்கினால் டின் கீழே விழுமே, அந்த வகை. மூடப்போன ஓர் அலுவலகத்தின் சாமான்களோடு சேர்த்துப் பாவித்த மெஷினாக வாங்கினார். மூன்றாம் மாதம் குளிர் குறைந்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக் பாஸ் கொம்பிரசரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருக்கு முதலாளி" என்றார். கேஸ் அடித்தார். நாலு நாள் நன்றாகக் குளிர்ந்தது, ஐந்தாம் நாள் பழையபடி. திரும்பவும் கேஸ், திரும்பவும் நாலு நாள்.

மூன்றாம் தடவை அவரைக் கூப்பிடுவதற்கு முன் நான் போனேன். உள்ளே அடிப்பக்கத்தில் கூலிங் கொயிலை மூடியிருந்த தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கொயிலே தெரியவில்லை. ஒரு செங்கல் தடிப்பில் வெள்ளைப் பனிக்கட்டி. அதற்குப் பின்னால் சின்ன ஃபேன் ஒன்று அசையாமல் நின்றது. கேஸில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. ஃபேன் மோட்டார் எரிந்ததால் காற்று ஓடவில்லை. காற்று ஓடாததால் கொயிலில் பனி கட்டியது. பனி கட்டியதால் குளிர் டின்களுக்குப் போய்ச் சேரவில்லை. கேஸ் அடித்த இரண்டு தடவையும் மெஷினை அரை நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள், அந்த அரை நாளில் பனி உருகிவிட்டது. நாலு நாள் குளிர்ந்தது அதனால்தான்.

கேஸ் என்பது பெற்றோல் போல ஓட ஓடத் தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டை இருந்தால் மட்டுமே குறையும். அதனால் பாவித்த மெஷின் குளிராவிட்டால் வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், குழாயில் கை வைப்பது ஆகக் கடைசியில்தான். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

கதவின் உள்பக்கத்திலோ மெஷினின் முதுகிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அதில் நான்கு விஷயம் முக்கியம்: எத்தனை வோல்ட், எத்தனை ஹேர்ட்ஸ், எத்தனை அம்பியர், எந்தக் கேஸ் எவ்வளவு எடை. கேஸின் எடை கிராமிலோ அவுன்ஸிலோ இருக்கும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்க மெஷின் என்றால் 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கும். ஜப்பான் மெஷின் 100 வோல்ட், அங்கே கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸும் மேற்கில் 60 ஹேர்ட்ஸும் பாவிப்பதால் பெரும்பாலும் இரண்டும் போட்டிருப்பார்கள். இதைப் பார்க்காமல் சுவரில் செருகினால் கொன்ட்ரோல் போர்டும் மோட்டார்களும் எரிந்துவிடலாம். இதைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல இருக்கிறது.

மெஷின் இப்போதுதான் லொறியில் வந்து இறங்கியது என்றால் உடனே போடாதீர்கள். நிமிர்த்திக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம், படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு முழு நாள் நிமிர்த்தி வையுங்கள். கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், அது திரும்பி வடிய வேண்டும்.

இன்னுமொன்று. டின் இல்லாத வெறும் மெஷினே 250 முதல் 350 கிலோ வரை வரும். தனியாளாகச் சாய்க்க வேண்டாம். கீழே விழுந்தால் தாங்கிப் பிடிக்க முடியாது. ப்ளக்கைக் கழற்றிய பிறகுதான் எந்த மூடியையும் திறக்க வேண்டும். மெஷின் போட்டிருக்கும் வரியில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, எர்த் சரியாக வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். சோடா சிந்தும் தரையில், ஈரக் கையோடு சனம் தொடும் இரும்புப் பெட்டி இது. மெஷினைப் போட்டதும் ட்ரிப் விழுகிறது என்றால் ட்ரிப் சுவிட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். உள்ளே எங்கோ மின்சாரம் உடம்புக்குக் கசிகிறது.

உண்மையிலேயே குளிரவில்லையா?

புதிதாக வாங்கியவர்கள் மெஷின் நிறைய டின் அடுக்கி, மூன்று மணி நேரத்தில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் பழுது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 330 மில்லிலீட்டர் டின் 300 என்றால் கிட்டத்தட்ட 100 கிலோ தண்ணீர். அதை 30 பாகையிலிருந்து 3 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 11,300 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். மெஷின் 400 வாட் வேகத்தில் வெப்பத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கதவை ஒரு தடவைகூடத் திறக்காமல், அதற்கு மட்டும் எட்டு மணி நேரம் போகும். கொழும்பு வெக்கையில் பக்கத் தகடுகள் வழியாக உள்ளே வரும் சூடு வேறு. ஆகவே இரவு நிரப்பினால் அடுத்த நாள் இரவு பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

டின்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் மெஷின்களில் அடியில் இருப்பவைதான் முதலில் குளிரும், ஏனென்றால் அடுத்து விழப்போவது அவைதான். மேல் வரிசை சற்றே சூடாக இருப்பது பழுது அல்ல.

அளக்க ஒரு நல்ல வழி: கண்ணாடிக் கிளாஸ் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதில் தேர்மோமீட்டரைப் போட்டு உள்ளே அடியில் வையுங்கள். காற்றின் சூடு கதவைத் திறந்ததுமே மாறிவிடும், தண்ணீர் அப்படி மாறாது. 1 முதல் 4 பாகைக்குள் இருந்தால் மெஷின் சுகமாக இருக்கிறது.

தூசு, உப்புக் காற்று, வெளி ஃபேன்

மெஷினின் குளிர் வேலை இதுதான்: உள்ளே இருக்கும் கூலிங் கொயில் டின்களின் சூட்டை உறிஞ்சுகிறது, அந்தச் சூட்டைச் சுமந்து வரும் கேஸைக் கொம்பிரசர் அழுத்தி வெளியே தள்ளுகிறது, வெளியே இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டைக் கடைக் காற்றில் விடுகிறது. கண்டென்சர் சூட்டை விட முடியாவிட்டால் மற்றது எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

கீழ்ப் பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். கார் ரேடியேட்டர் போல மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். பாவித்த மெஷினில் அது பெரும்பாலும் சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியது போல இருக்கும். ரோட்டுத் தூசு, உடுப்புப் பஞ்சு, பக்கத்தில் கொத்து ரொட்டிக் கடை இருந்தால் அந்த எண்ணெய்ப் புகையும் சேர்ந்து ஒட்டியிருக்கும். மென்மையான பிரஷால் தகடுகளின் போக்கிலேயே, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். பிறகு காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நின்று ப்ளோவரால் ஊதுங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிரஷ் போடலாம், மோட்டாரையும் வயர்களையும் பொலித்தீனால் மூடிக்கொண்டு. கார் கழுவும் பிரஷர் பைப்பை இங்கே கொண்டுவரவே கூடாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்கமாக மெஷினை வைத்திருப்பவர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். விரலால் மெல்லத் தட்டும்போது வெள்ளைப் பொடியாகத் தகடு உதிர்ந்தால் சுத்தம் செய்து பலன் இல்லை, கண்டென்சரையே மாற்ற வேண்டும். அப்படியான இடத்தில் மெஷின் வைத்தால் மாதம் ஒரு தடவை ஈரத் துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

கண்டென்சருக்குப் பக்கத்து ஃபேனை, ப்ளக் கழற்றியிருக்கும்போதே, விரலால் சுற்றிப் பாருங்கள். விட்ட பிறகும் இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்ற வேண்டும். கரகரவென்று நின்றால் மோட்டாரை மாற்றுங்கள். எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வியாபார நேரத்தில் நிற்கும். புது மோட்டார் வாங்கப் போகும்போது பழையதையும் அதன் இலையையும் கையோடு கொண்டு போங்கள். சுற்றும் திசை, தண்டின் நீளம், வோல்ட் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். திசை மாறிய ஃபேன் சத்தமாகச் சுற்றும், காற்றைச் சரியாகத் தள்ளாது.

சுவருக்கும் மெஷினின் முதுகுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இடம் மிச்சம் பிடிக்கச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே வேறு வெற்று டின் பெட்டி அடுக்கி வைத்த மெஷின்கள் கொழும்பில் ஏராளம். தள்ளி வைத்ததோடு குளிர் வந்த மெஷினையும் நான் பார்த்திருக்கிறேன்.

பனியைப் பார்த்து நோயை அறிவது

எனக்கு இந்த வேலையில் ஆகப் பிடித்த பகுதி இது. மீட்டர் இல்லாமல், கண்ணாலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

முதலில் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து, பனி முழுவதும் தானாக உருகட்டும். கத்தியாலோ ஸ்க்ரூட்ரைவராலோ குத்திப் பெயர்க்க வேண்டாம். கொயில் குழாய் மெல்லியது, ஒரு குத்தில் கேஸ் முழுவதும் போய்விடும், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியதாக முடியும். அவசரமென்றால் மேசை ஃபேனைக் கொயில் பக்கம் திருப்பி வையுங்கள். உருகிய பிறகு கொயிலை மூடும் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினை ஓட விட்டு, இருபது நிமிடம், அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். இந்த நேரத்தில் உள்ளே கை போடாமல் பார்வை மட்டும்.

கொயில் முழுவதும், முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை, ஒரே சீராக ஈரம் அல்லது மெல்லிய வெண்பனி பிடித்தால் கேஸ் சரியாக இருக்கிறது. இப்படி இருந்தும் டின் குளிரவில்லை என்றால் பிரச்சினை காற்றில், கதவில், அல்லது குளிரைப் பார்த்துக் கொம்பிரசரை ஓட்டி நிறுத்தும் தேர்மோஸ்டட்டில்.

முதல் இரண்டு மூன்று வளைவில் மட்டும் பனி, மிச்சம் காய்ந்து கிடக்கிறது என்றால் கேஸ் குறைவு அல்லது கெபிலரி (கொயிலுக்குள் கேஸை விடும் மிக மெல்லிய குழாய்) பாதி அடைப்பு. இந்த இடத்தில்தான் கேஸ் பற்றிய பேச்சுக்கே நியாயம் வருகிறது.

எங்குமே பனி இல்லை, கொம்பிரசர் மட்டும் ஓடுகிறது, கண்டென்சரைத் தொட்டால் சூடும் இல்லை என்றால் கேஸ் முழுவதும் போயிருக்கும், அல்லது கொம்பிரசருக்குள் வால்வு தேய்ந்து அழுத்தம் எழவில்லை.

நன்றாகக் குளிர்கிறது, பிறகு சூடாகிறது, நிறுத்திப் போட்டால் மறுபடி குளிர்கிறது. இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, மாமாவின் மெஷின் போல ஃபேன் நின்று பனி கட்டுவது. மற்றது, குழாய்க்குள் ஈரம் இருப்பது. கெபிலரி முடியும் இடத்தில் அந்த ஈரம் துளியாக உறைந்து வழியை அடைக்கும், நிறுத்தினால் உருகி வழி விடும். கொயிலில் பனிப் பாறை இருந்தால் முதலாவது, பாறை இல்லாமலே இப்படி நடந்தால் இரண்டாவது. முன்பு யாரோ வெக்யூம் சரியாக எடுக்காமல், அதாவது குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்தெடுக்காமல், கேஸ் அடித்திருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

உள் ஃபேன் பல மெஷின்களில் கொம்பிரசர் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்ததும் நிற்கும் வகையும் உண்டு, அதனால் கதவுச் சுவிட்சை விரலால் அமுக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். டின் விழும் தட்டுக்கு அடியில் காற்று போகும் வழியில் சிகரெட் பெட்டி, பிய்ந்த லேபிள், நசுங்கிய டின் என்று எதுவும் சிக்கியிருக்கலாம், அதையும் எடுத்துவிடுங்கள்.

கதவும் தண்ணீரும்

கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். கதவு ரப்பரில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், நாள் முழுவதும் ஈரக் காற்று உள்ளே போய்க் கொயிலில் பனியாகப் படியும். 20 ரூபாய்த் தாள் ஒன்றை ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. நாலு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளிலும் பாருங்கள். காய்ந்து சுருங்கிய ரப்பருக்குச் சுடுதண்ணீர்த் துணி ஒத்தடம் சில நேரம் உயிர் கொடுக்கும். டின் வெளியே வரும் வாயில் இருக்கும் சின்னக் கதவும் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கொயிலில் உருகும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே உள்ள தட்டில் விழுந்து, கொம்பிரசர் பக்கத்துச் சூட்டில் ஆவியாகிப் போகும். குழாய் அடைத்தால் மெஷினுக்குள் குளம். தட்டில் தண்ணீர் வற்றாமல் நின்றால் அங்கே டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தால் பூச்சாடியைப் பார்ப்பது போலவே இந்தத் தட்டையும் பார்ப்பார். அவர் வராவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நினைத்து, வாரம் ஒரு தடவை தட்டை இழுத்துத் தேய்த்துக் கழுவி வையுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது.

தேர்மோஸ்டட்

இது சுருக்கமான வேலை. கொம்பிரசர் ஓடவே இல்லை, உள்ளே சூடு, லைட் மட்டும் எரிகிறது. ப்ளக்கைக் கழற்றி, தேர்மோஸ்டட்டின் இரண்டு வயரையும் எடுத்து ஒன்றோடொன்று இணைத்து டேப் சுற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். கொம்பிரசர் ஓடினால் தேர்மோஸ்டட் போய்விட்டது. சோதித்ததும் அந்த இணைப்பைப் பிரித்துவிடுங்கள், அப்படியே விட்டால் மெஷின் நிற்காமல் ஓடி டின்கள் உறைந்து வெடிக்கும். புதிய மெஷின்களில் தேர்மோஸ்டட்டுக்குப் பதில் சென்சரும் போர்டும் இருக்கும். அவற்றில் இந்த இணைப்பு வேலை செய்ய வேண்டாம், சென்சரின் வயர் அறுந்திருக்கிறதா, ப்ளக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

"டிக்" சத்தம்

மெஷினைப் போட்டதும் ஒரு "ம்ம்ம்" என்ற முனகல், சில நொடியில் "டிக்". சில நிமிடம் அமைதி. மறுபடி முனகல், மறுபடி டிக். கொம்பிரசர் எழும்பப் பார்த்து முடியாமல், ஓவர்லோட் என்ற பாதுகாப்புச் சுவிட்ச் அதைக் காப்பாற்ற மின்சாரத்தைத் துண்டிக்கும் சத்தம் அது. இதைக் கேட்டதும் "கொம்பிரசர் சீஸ், உள்ளே இறுகிப் போச்சு, புதுசு போடணும்" என்று யாராவது சொன்னால் ஒரு நாள் தவணை கேளுங்கள்.

ப்ளக்கைக் கழற்றி, கொம்பிரசரின் பக்கத்தில் இருக்கும் கறுப்பு மூடியை எடுங்கள். கெப்பாசிட்டர் இருந்தால் அதைத் தொடுவதற்கு முன் 20,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் குறுக்கே சில நொடி பிடித்து உள்ளே இருக்கும் மின்சாரத்தை வடியுங்கள். பிறகு கொம்பிரசரை எழுப்பிவிடும் ரிலேயை நேராக இழுத்துக் கழற்றுங்கள். தட்டையான பிளாஸ்டிக் பெட்டி போன்ற பிடிசி ரிலே என்றால் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கற்கண்டு உடைந்தது போலக் கலகலத்தால் அது போய்விட்டது. கருகிய மணம் வந்தாலும் அதே. ரிலே விலை குறைந்த சாமான். கொம்பிரசர் மாடலுக்குப் பொருத்தமானதை வாங்கிப் போட்டாலே எழும்பிவிடும் மெஷின்கள் பல. சுருள் உள்ள பழைய ரக ரிலே என்றால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே மாட்ட வேண்டும். அதன் உள் இணைப்பு தன் பாரத்தால் கீழே விழுந்து திறப்பது, தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது.

ரிலேயைக் கழற்றியதும் கொம்பிரசர் உடம்பில் மூன்று முள் தெரியும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டிரண்டாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக 4, 10, 14 என்று வந்தால், இரண்டு சிறிய எண்களின் கூட்டுத்தொகை பெரிய எண்ணுக்குச் சமம். அப்படி வந்தால் சுருள்கள் நலம். பெரிய எண் வந்த இரண்டு முள் தவிர்ந்த மூன்றாவதுதான் பொது முள். பொது முள்ளிலிருந்து குறைந்த எண் வருவது ஓடும் சுருள், மற்றது எழுப்பும் சுருள். ஏதாவது ஒரு ஜோடி இணைப்பே இல்லை என்று காட்டினால் கொம்பிரசரை நன்றாக ஆற விட்டு மறுபடி அளந்து பாருங்கள், ஏனென்றால் சிலவற்றில் ஓவர்லோட் உள்ளேயே இருக்கும். அப்புறம் பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஒரு முனையை வைத்து, ஒவ்வொரு முள்ளுக்கும் கொம்பிரசர் உடம்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். அங்கே இணைப்பு எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தக் கொம்பிரசரோடு போராட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் டிக் என்றால் வோல்ட்டைப் பாருங்கள். எழும்பும் அந்த நொடியில் ப்ளக்கில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கடைக்குள்ளிருந்து வாசலுக்கு நீள எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, அதிலேயே ஃபேனும் லைட்டும் போட்டிருப்பார்கள். மெல்லிய வயரில் வோல்ட் வீழ்ந்துவிடும். மெஷினுக்கென்று தனி ப்ளக், தனித் தடித்த வயர் போடுங்கள்.

கொம்பிரசர் உடம்பு கை வைக்க முடியாத அளவு சூடாக இருப்பது மட்டும் பழுது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் கொம்பிரசர் சூடாகத்தான் இருக்கும்.

115 வோல்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த கொம்பிரசர் நம் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், கூடுதல் கரன்ட் இழுத்துச் சூடாகும். வோல்ட்டையும் அதே பங்குக்குக் குறைத்தால் சூடு கட்டுப்படும்: 115ஐ 50ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் சுமார் 96. ஆகவே 100 வோல்ட் தரும் ட்ரான்ஸ்போமர் 115 தருவதைவிடக் கொம்பிரசருக்கு நல்லது. எழும்பும்போது கரன்ட் பல மடங்கு ஏறும் என்பதால் லேபிளில் உள்ள அம்பியருக்கு ஏற்ற அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய ட்ரான்ஸ்போமராக எடுங்கள். எர்த் வயர் சுவரிலிருந்து மெஷின் உடம்பு வரை அறாமல் போக வேண்டும்.

கொம்பிரசர் எப்படியும் மாற்ற வேண்டி வந்தால் அது ஒரு நல்ல வாய்ப்பு. 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் கொம்பிரசரும், அதே வோல்ட்டில் இரண்டு ஃபேன் மோட்டாரும் போட்டுவிட்டு, காசு எண்ணும் போர்டுக்கும் லைட்டுக்கும் மட்டும் சின்ன ட்ரான்ஸ்போமர் வையுங்கள். என் மனதுக்கு இதுதான் நீண்ட காலத்துக்கு நிம்மதியான வழி.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். மின்சாரம் போய் உடனே திரும்பி வந்தால் குழாய்க்குள் அழுத்தம் சமப்படாமல் கொம்பிரசர் எழும்பத் தடுமாறும். மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் பிரிட்ஜ் கார்ட் ஒன்றை மாட்டுங்கள். மின்வெட்டு குறைந்த இந்த நாளிலும் மழை இடி நேரத்தில் உதவும்.

உண்மையிலேயே கேஸ் வேலைதான் என்றால்

இதை நீங்களே செய்ய வேண்டாம், ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நில்லுங்கள். வரும் பாஸிடம் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேஸ் நிறுக்கத் தராசு இருக்கா?" சோடா மெஷினில் போவது சிறிய அளவு கேஸ். முப்பது நாற்பது கிராம் கூடினாலே கொம்பிரசருக்குத் திரும்பும் குழாய் வரை பனி பிடித்து, கரன்ட் ஏறும். குழாயைத் தொட்டு மதிப்பிடுபவரை விட, லேபிளில் உள்ள எடையை நிறுத்துப் போடுபவரிடம் வேலையைக் கொடுங்கள்.

ஓட்டையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கேஸோடு சேர்ந்து எண்ணெயும் கசிவதால் ஓட்டை உள்ள ஒட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் தெரியும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டும். ஒட்டிய பிறகு, குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைப் புதிதாக மாற்ற வேண்டும், பழையதைத் திரும்பப் போட விடாதீர்கள். பிறகு வெக்யூம் பம்ப் போட்டு, வெக்யூமை மைக்ரோன் கணக்கில் காட்டும் மீட்டரில் 500க்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்தி அது அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு இதில் அவசரப்பட்டால் நான் முன்பு சொன்ன கெபிலரி உறையும் வருத்தம் வரும்.

1990களின் நடுப்பகுதிக்கு முந்திய மெஷின்களில் ஆர் 12 இருக்கலாம், பிந்தியவற்றில் பெரும்பாலும் ஆர் 134ஏ. முன்னதன் எண்ணெயோடு பின்னது கலக்காது. "ரெண்டும் ஒண்டுதான்" என்று ஊற்றினால் எண்ணெய் கொம்பிரசருக்குத் திரும்பாமல் அது தேய்ந்து போகும். ஆர் 12 ஓசோன் படையைக் கெடுப்பது. 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. எந்தக் கேஸாக இருந்தாலும் ரோட்டில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்தெடுக்கச் சொல்லுங்கள். லேபிளில் ஆர் 290 அல்லது ஆர் 600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் வகை, அதைப் பழகிய ஆள் மட்டும் தொட வேண்டும். சமையல் கேஸ் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மூடிய பெட்டி, உள்ளே பொறி பறக்கும் ரிலே, வாசலில் பிள்ளைகள். யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்க மெஷின்கள் பலவற்றில் கொம்பிரசர், கண்டென்சர், கூலிங் கொயில் மூன்றும் ஒரே தட்டில் பொருத்தியிருக்கும். சில போல்ட்டும் ப்ளக்கும் கழற்றினால் லாச்சி போல அப்படியே வெளியே வரும். முழு மெஷினையும் தூக்காமல் இந்தத் தட்டை மட்டும் இரண்டு பேர் பிடித்து, நிமிர்த்தபடியே த்ரீவீலரில் வேலைத்தளத்துக்குக் கொண்டு போகலாம். இழுக்கும்போது குழாயைப் பிடித்து இழுக்காதீர்கள். திரும்பப் போடும்போது கொயிலைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் பட்டி நைந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். அந்த இடைவெளியில் வெளிக் காற்று புகுந்தால் செய்த வேலை வீணாகும். ஃபேன் மோட்டார், ரிலே, செப்புக் குழாய் போன்றவற்றைப் புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தைப் பக்கத்திலும் விசாரியுங்கள்.

ஓட விட்டுப் பார்ப்பது

மாமாவின் மெஷினில் கடைசியில் செய்தது இதுதான்: உள் ஃபேன் மோட்டார் புதிது, கதவு ரப்பர் ஒரு பக்கம் புதிது. இரண்டு தடவை கூடுதலாக அடித்த கேஸைத் தராசு வைத்திருந்த வேறொரு பாஸைக் கொண்டு வெளியே எடுத்து, ட்ரையர் மாற்றி, வெக்யூம் போட்டு, லேபிளில் உள்ள எடைக்குத் திரும்பப் போட்டோம். பிறகு வெறும் மெஷினாக இரண்டு மணி நேரம் ஓட விட்டு, கிளாம்ப் மீட்டரால் கரன்ட் பார்த்தோம். லேபிளில் உள்ளதை விடக் குறைவாக நின்றது. அடி வரிசைகளில் மட்டும் டின் போட்டு, தண்ணீர்க் கிளாஸை வைத்துப் பூட்டினோம்.

காலையில் மாமா கதவைத் திறந்தபோது தேர்மோமீட்டர் 3 என்று காட்டியது. அந்த எண்ணையும் கரன்ட் அளவையும் திகதியையும் ஒரு டேப் துண்டில் எழுதிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன். நீங்களும் ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை குளிர் குறைந்தால், பார்க்க வருபவர் யாராக இருந்தாலும், முதலில் அதைக் காட்டிவிட்டு அந்த அளவுகளைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.